காத்திருக்கும் கோர்களின் கணக்கு: ஒரு மடிக்கணினியில் 64 கோர் லினக்ஸ்

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் சிப் வேலையில் இருப்பவர்கள் நாலு பேர் கூடினால் "பூட் ஆச்சா?" (இயங்குதளம் எழுந்துவிட்டதா?) என்ற கேள்வி கட்டாயம் வரும். 1972-ல் இன்டெல் அங்கே ஆலை தொடங்கிய காலத்தில் சிப்பைப் பொதிந்து, சோதித்து, கப்பலேற்றுவதுதான் வேலை. இன்று வடிவமைப்பும் சரிபார்ப்பும் இந்தத் தீவிலேயே நடக்கின்றன. சிலிக்கான் கைக்கு வருமுன்பே அதில் இயங்குதளம் எழுந்து நிற்குமா என்று பார்த்தாக வேண்டும்; அதற்குத்தான் சிப்பை மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் சிமுலேட்டர். சிப்பில் கட்டளைகளை ஓட்டும் அலகுதான் கோர்; 4 கோர், 8 கோர் வரைக்கும் எல்லாம் சொன்னபடி கேட்கும். கோர் எண்ணிக்கையை 64-க்கு ஏற்றிப் பாருங்கள், நேற்றுவரை ஓடிய அதே கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பாதியில் நின்றுவிடும். 192 கோர் கொண்ட சர்வர் சிப்பே கடையில் கிடைக்கும் காலத்தில் 64 ஒன்றும் பேராசை இல்லை. ஆகவே அங்கே என்னதான் நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கோரில் லினக்ஸ் எழுந்து ஷெல் (கட்டளை தட்டும் இடம்) வரும்வரை ஒரு பில்லியன் கட்டளைகள் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நுணுக்கமான சிமுலேட்டர் மாடல் வினாடிக்கு 200,000 கட்டளை ஓட்டும் என்று எடுத்தால் 5,000 வினாடி ஆகும், அதாவது ஒரு மணி 23 நிமிடம். பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நேரம் முழுக்க மற்ற 63 கோர்களும் "என் முறை வந்துவிட்டதா" என்று ஒரு மாறியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அதே அளவு கட்டளைகளை ஓட்டித் தீர்க்கும். 64 × 5,000 = 320,000 வினாடி. கிட்டத்தட்ட 89 மணி நேரம். ஒரே பூட்தான், ஒரே ஷெல்தான். நாள்கணக்கில் நம்மைக் கட்டிப்போடுவது வேலை செய்யும் கோர் அல்ல, காத்திருக்கும் 63 கோர்கள்.

உண்மையான சிப்பில் சும்மா சுற்றும் கோர் மின்சாரத்தைத் தின்னும். சிமுலேட்டரில் அது நம் நேரத்தைத் தின்னும். பல கோரில் பூட் செய்யும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு கண்ணாடி வழியே பார்த்தால் காரணம் பிடிபட்டுவிடும்: இப்போது யார் காத்திருக்கிறார்கள், யாருக்காக, எப்படி?

எப்படி என்பதில் இரண்டு வகை. நாசி கண்டார் கடையில் 63 பேர் கவுண்டரை மொய்த்துக்கொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டால் பரிமாறுகிறவருக்குக் கை ஓடாது. எண் சீட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால் கடை ஓடும். முதலாவது ஸ்பின். இரண்டாவது, ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் கட்டமைப்பில் டபிள்யூஎஃப்ஐ என்ற கட்டளை: குறுக்கீடு (கோரை இடைமறித்து அழைக்கும் சைகை) வரும்வரை தூங்கு. ஆர்மிலும் அதே பெயர், எக்ஸ்86-இல் ஹால்ட். டபிள்யூஎஃப்ஐ-யில் தூங்கும் கோரைச் சிமுலேட்டர் தொடவே தேவையில்லை, அதற்குச் செலவு ஏறத்தாழ பூஜ்யம்.

உதாரணங்களை ரிஸ்க்-ஃபைவில் சொல்கிறேன். காரணம் எளிது: கியூஇமு என்ற சிமுலேட்டரின் 'விர்ட்' இயந்திரம் 512 கோர் வரை தருகிறது, அதன் முகவரி வரைபடம் சிறியது, மனதில் நிற்கும். ரேம் பதினாறடிமானத்தில் 80000000-இல் தொடங்குகிறது. சீரியல் போர்ட் 10000000-இல். கோர்களுக்கிடையே குறுக்கீடு அனுப்பும் கிளின்ட் 2000000-இல். கோருக்கு ரிஸ்க்-ஃபைவ் வழக்கில் 'ஹார்ட்' என்று பெயர், அதாவது வன்பொருள் இழை. கெர்னல் செய்திகளில் அந்தச் சொல்தான் வரும்.

லினக்ஸுக்கு நேராகப் போகாமல் எம்ஐடி மாணவர்களுக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தில் தொடங்குவது என் பரிந்துரை. காத்திருப்பை அதில் வெறுங்கண்ணால் பார்க்கலாம். மூலநிரலை இறக்கி, மேக் கட்டளையோடு சிபியூஸ் என்ற மாறிக்கு எண் கொடுத்து ஓட்டலாம், கொடுக்காவிட்டால் 3. மெயின் கோப்பைத் திறந்தால் ஹார்ட் 0 மட்டும் எல்லா ஆரம்ப வேலைகளையும் செய்து, கடைசியில் 'ஸ்டார்ட்டட்' என்ற மாறியில் 1 எழுதும். மற்ற எல்லா ஹார்ட்களும் அந்த மாறி பூஜ்யமாக இருக்கும்வரை ஒரு வெற்று வைல் சுழற்சியில் நிற்கும். மொய்க்கும் கூட்டம் இதுதான். 3 ஹார்ட்டில் கண்ணுக்கே தெரியாது.

இப்போது 16 கொடுத்து ஓட்டுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்று உடையும். சில நேரம் சத்தமில்லாமல் தொங்கும், சில நேரம் பேனிக் (கெர்னலே கைவிட்டு நிற்பது), அபூர்வமாக ஒழுங்காக ஓடுவதுபோலக் காட்டும். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. எக்ஸ்வி6-இல் அதிகபட்ச சிபியூ எண்ணிக்கை 8 என்று ஒரு மாறிலி இருக்கிறது. தொடக்க அடுக்குக்காக (ஸ்டாக், அதாவது நிரலின் தற்காலிக மதிப்புகள் நிற்கும் நினைவகம்) ஒதுக்கிய இடம் 4,096 × 8 = 32,768 பைட். தொடக்க அசெம்பிளி ஒவ்வொரு ஹார்ட்டின் எண்ணையும் எடுத்து, ஒன்று கூட்டி, 4,096-ஆல் பெருக்கி, அடுக்கின் உச்சியை அங்கே வைக்கிறது. எண் 8-க்குள் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. ஆகவே 8 முதல் 15 வரையிலான எட்டு ஹார்ட்களும் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி அடுத்த 32,768 பைட்டில் தங்கள் அடுக்கை எழுதும். அங்கே லிங்கர் (நிரலின் துண்டுகளை இணைக்கும் கருவி) எதை வைத்திருக்கிறதோ அது அழியும். அதோடு, ஒவ்வொரு சிபியூவின் விவரத்தையும் வைத்திருக்கும் அணியும் எட்டோடு முடிகிறது. ஒன்பதாவது ஹார்ட் அதற்கு வெளியே எழுதும். மாறிலியை 16 என்று மாற்றி, முழுவதும் சுத்தம் செய்து மறுபடி கட்டினால் இந்த நோய் போய்விடும்.

ஹார்ட்டுக்கு ஒரு பிட் என்ற பிட்மேப் வைத்து எந்த ஹார்ட் எழுந்தது என்று குறித்துக்கொள்ளும் நிரல்களில் இதன் தம்பி ஒன்று ஒளிந்திருக்கும். சி மொழியில் வெறும் 1 என்று எழுதினால் அது 32 பிட் முழுஎண். அதை ஹார்ட் எண் அளவுக்கு இடப்பக்கம் நகர்த்தினால் 31-இல் குறி மாறும், 32-இல் என்ன வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. 64 பிட் மாறிலியாக எழுதினால் 63 வரை தாங்கும். 65-வது ஹார்ட்டுக்கு அணியாகத்தான் வைக்க வேண்டும்.

இனி அந்த வைல் சுழற்சியைத் தூக்கமாக மாற்றுவோம். இதைச் செய்து பார்த்தவருக்குப் பிறகு எந்த ஃபர்ம்வேரின் (வன்பொருள் எழுந்ததும் முதலில் ஓடும் மென்பொருளின்) தொடக்க நிரலும் புரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்ட்கள் மெஷின் நிலையில் (முழு அதிகாரமுள்ள மேல்நிலை) இருக்கும்போதே, ஸ்டார்ட் கோப்பில், ஹார்ட் 0 தவிர மற்றவை நிற்கட்டும். எந்தக் குறுக்கீட்டுக்கு அனுமதி என்று சொல்லும் எம்ஐஇ பதிவேட்டில் மென்பொருள் குறுக்கீட்டுக்கான பிட்டை மட்டும் ஏற்றுங்கள். பொதுவான குறுக்கீட்டு அனுமதியைத் திறக்காதீர்கள். பிறகு ஒரு சுழற்சி: டபிள்யூஎஃப்ஐ, எழுந்ததும் எம்ஐபி பதிவேட்டில் அந்தக் குறுக்கீடு வந்திருக்கிறதா என்று பார், இல்லையென்றால் மறுபடி தூங்கு. சுழற்சி கட்டாயம் வேண்டும். டபிள்யூஎஃப்ஐ-யை ஒன்றும் செய்யாத கட்டளையாகவே சிப் எடுத்துக்கொள்ளலாம் என்று ரிஸ்க்-ஃபைவ் விதியே இடம் தருகிறது. பொது அனுமதி மூடியிருந்தாலும் டபிள்யூஎஃப்ஐ எழுப்பிவிடும், ஆனால் குறுக்கீட்டுக் கையாளுநருக்குத் தாவாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

எழுப்புவது ஹார்ட் 0-இன் பொறுப்பு. ஆரம்ப வேலை முடிந்ததும் கிளின்ட்டில் 2000000-இலிருந்து நாலு நாலு பைட்டாக அடுக்கியிருக்கும் சொற்களில், எழுப்ப வேண்டிய ஹார்ட்டின் சொல்லில் 1 எழுத வேண்டும். எழுதியதுமே கெர்னல் பேனிக் ஆகி எஸ்காஸ் (பிழையின் காரணத்தைச் சொல்லும் பதிவேடு) 15 என்று காட்டினால் (பதினாறடிமானத்தில் அச்சிடும் பதிப்பில் எஃப் என்று வரும்), அது எழுதும்போது வந்த பக்கப் பிழை. ஹார்ட் 0 அதற்குள் சூப்பர்வைசர் நிலைக்கு (கெர்னல் ஓடும் கீழ்நிலை) இறங்கிப் பக்க அட்டவணையை (எந்தெந்த முகவரியைத் தொடலாம் என்ற பட்டியல்) இயக்கிவிட்டது. கிளின்ட் அந்த அட்டவணையில் இல்லை. கெர்னல் அட்டவணையில் அந்த ஒரு பக்கத்தைச் சேர்த்தால் போதும்.

அடுத்த குழிதான் ஆழமானது. எழுந்த ஹார்ட் தன் சொல்லை 0 ஆக்கி, எம்ஐஇ-யில் ஏற்றிய பிட்டையும் இறக்கிய பிறகே எம்ரெட் (மெஷின் நிலையிலிருந்து இறங்கும் கட்டளை) செய்ய வேண்டும். மறந்தால், சூப்பர்வைசர் நிலைக்கு இறங்கிய அந்தக் கணமே மெஷின் குறுக்கீடு பாயும். கீழ்நிலையில் ஓடும்போது மெஷின் நிலைக் குறுக்கீடுகள் பொது அனுமதியைப் பொருட்படுத்துவதில்லை. அது பாயும் இடமோ எம்டிவெக் பதிவேட்டில் இருக்கும் முகவரி. அதை நீங்கள் அமைக்கவே இல்லை என்றால் ஹார்ட் எங்கோ பாழில் போய் விழும். வெளியே பார்த்தால் அது "எழுந்திருக்காத" ஹார்ட் போலவே தெரியும். எழுந்துதான் விழுந்தது என்பதை ஜிடிபி என்ற பிழைதிருத்தி இல்லாமல் கண்டுபிடிப்பது கடினம்.

இப்போது லினக்ஸ். உபுண்டு ஹோஸ்டில் (சிமுலேட்டரை ஓட்டும் நம் கணினியில்) வேண்டியவை கியூஇமுவின் ரிஸ்க்-ஃபைவ் பைனரி, ஓப்பன்எஸ்பிஐ (கெர்னலுக்கு முன்பே ஓடும் ஃபர்ம்வேர்), ரிஸ்க்-ஃபைவ் 64-க்கான ஜிசிசி குறுக்குக் கம்பைலர், அதோடு ஃபிளெக்ஸ், பைசன், பிசி, ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர்கள். கெர்னல் மூலத்தில் ஆர்க் என்பதை ரிஸ்க்வி என்றும், குறுக்குக் கம்பைலரின் முன்னொட்டையும் கொடுத்து டெஃப்கான்ஃபிக், பிறகு மேக். இமேஜ் கோப்பு ரிஸ்க்வி அடைவின் பூட் உள்ளடைவில் கிடைக்கும். மெனுகான்ஃபிக்கில் ஒன்றை மட்டும் பாருங்கள்: என்ஆர்-சிபியூஸ், அதாவது கெர்னல் ஏற்கும் அதிகபட்ச சிபியூ எண்ணிக்கை. 64 பிட்டுக்கு வழக்கமாக 64 என்று இருக்கும். 32 என்று இருந்தால், கியூஇமு 64 கொடுத்தாலும் மிச்சத்தைக் கெர்னல் எடுத்துக்கொள்ளாது. பூட் ஆவதும் நிற்காது என்பதால், பின்னால் சிபியூக்களை எண்ணிக் காட்டும் 'என்ப்ராக்' ஓட்டும்போதுதான் பாதி காணவில்லை என்று தெரியவரும்.

கெஸ்டுக்குள் (சிமுலேட்டரில் ஓடும் இயந்திரத்துக்குள்) முதலில் ஓடப்போவது பிஸிபாக்ஸ், ஷெல்லையும் அடிப்படைக் கட்டளைகளையும் ஒரே கோப்பில் தருவது. அதை நிலையான இணைப்போடு (வேண்டிய நூலகங்களும் கோப்புக்குள்ளேயே இருக்கும்படி) கட்டுங்கள். புதிய கெர்னல் ஹெடர்களோடு கட்டும்போது டிசி என்ற கருவியில் பிழை விழுந்தால் கட்டமைப்பில் அந்த ஒன்றை அணைத்துவிடலாம், நமக்கு அது தேவையே இல்லை. நிறுவிய அடைவுக்குள் ப்ராக், சிஸ், டெவ் என்று மூன்று வெற்று அடைவுகள். இனிட் என்ற பெயரில் சின்ன ஷெல் நிரல், அது மூன்றையும் ஏற்றிவிட்டு ஷெல்லுக்கு மாறட்டும். எல்லாவற்றையும் சிபிஐஓ-வின் 'நியூசி' வடிவத்தில் கட்டி ஜிஸிப் செய்தால் இனிட்ராம்எஃப்எஸ், அதாவது கெர்னல் எழுந்ததும் ரேமிலேயே கிடைக்கும் கோப்பமைப்பு, தயார். இயந்திரம் விர்ட், எஸ்எம்பி 64, நினைவகம் 4 ஜிபி, வரைகலை வேண்டாம், கெர்னல், இனிட்ஆர்டி, கன்சோல் டிடிஒய்எஸ்0. முடிந்தது. வெளியேற கன்ட்ரோல்-ஏ அழுத்தி, விட்டு, எக்ஸ்.

பல பேர் கோர் எண்ணிக்கையில் பழியைப் போடும் ஒரு பிழை உண்மையில் இந்த இனிட்டில்தான் இருக்கும். கெர்னல் முழுக்க எழுந்து, கடைசி அடியில் இனிட்டை ஓட்ட முடியவில்லை என்று ஒரு எதிர்ம எண்ணோடு விழும். அந்த எண்ணைப் படியுங்கள், அதில் எல்லாம் இருக்கிறது. மைனஸ் 13 என்றால் இயக்க அனுமதி இல்லை, சிஹெச்மாட் மறந்திருக்கிறது. மைனஸ் 8 என்றால் வடிவம் தெரியவில்லை. எக்ஸ்86-க்குக் கட்டிய பைனரியை உள்ளே வைத்திருப்பீர்கள், அல்லது நிரலின் முதல் வரியில் ஷெல்லின் பாதை இல்லை. மைனஸ் 2 என்றால் கோப்பு இல்லை. கோப்பு கண்முன்னே இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்: இல்லாதது இனிட் அல்ல, இனிட் தேடுவது. பிஸிபாக்ஸ் நிலையான இணைப்பில் கட்டப்படாவிட்டால் அது தேடும் டைனமிக் லோடர் உள்ளே இருக்காது. விண்டோஸில் எழுதிய நிரலாக இருந்தால் முதல் வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு, அந்தப் பெயரில் ஷெல் எதுவும் இல்லாமல் போகும். இரண்டுக்கும் மைனஸ் 2-தான்.

திரையில் முதலில் வருவது ஓப்பன்எஸ்பிஐ-யின் பட்டை. ஹார்ட் எண்ணிக்கை 64 என்று அங்கேயே சரிபார்த்துவிடலாம். அதற்கு முன்பே ஒரு போட்டி நடந்து முடிந்திருக்கும்: 64 ஹார்ட்களும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரு அணுச் செயலால் ஒன்று மட்டும் வெல்லும். வென்றது பூட் ஹார்ட், தோற்ற 63-ம் தூங்கப்போகும். எது வெல்லும் என்று சொல்ல முடியாது. ஒரு ஓட்டத்தில் 0, மறு ஓட்டத்தில் 37. பூட் ஹார்ட் எப்போதும் 0 என்று நம்பி எழுதிய நிரல் உங்களிடம் இருந்தால், பத்தில் சில தடவை மட்டும் வரும் பிழைக்கு முதல் சந்தேக நபர் அதுதான்.

பிறகு பூட் ஹார்ட் மற்றவற்றை எஸ்பிஐ-யின் (ஃபர்ம்வேரிடம் கெர்னல் உதவி கேட்கும் வழி) ஹெச்எஸ்எம் அழைப்பால் ஒவ்வொன்றாக எழுப்பும். ஒன்றைத் தட்டிவிட்டு, அது "வந்துவிட்டேன்" என்று சொல்லும்வரை நிற்கும். இங்கே காத்திருப்புக்கு ஒரு கெடு உண்டு. ஆர்ம்64 கெர்னலில் அது 5 வினாடி. ரிஸ்க்-ஃபைவ் கெர்னலில் நெடுங்காலமாக 1 வினாடிதான். கெடு தாண்டினால் அந்தச் சிபியூ இணையவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். முடிவில் 64-க்குப் பதில் 61 நிற்கும்.

அந்த 1 வினாடி யாருடைய வினாடி என்பதுதான் கேள்வி. கியூஇமு சாதாரணமாக ஓடும்போது கெஸ்டின் கடிகாரம் ஹோஸ்டின் உண்மையான கடிகாரத்தோடு சேர்ந்தே நகர்கிறது. 2017-இல் வந்த 2.9 பதிப்பிலிருந்து கியூஇமு ஒவ்வொரு கெஸ்ட் கோருக்கும் ஹோஸ்டில் ஓர் இழை ஒதுக்கும் முறையைத் தருகிறது. மடிக்கணினியில் 8 கோர்தான் என்றால் 64 இழைகளும் அதற்காக வரிசையில் நிற்கும். வேலை செய்ய வேண்டிய இழை வரிசையில் நிற்கும்போதும் கெஸ்டின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கெஸ்ட் கெர்னலுக்கு அந்த விவரம் தெரியாது. "இந்தக் கோர் உறைந்துவிட்டது" என்று முடிவுகட்டும்.

சாஃப்ட் லாக்அப் (ஒரு கோர் வேறு வேலைக்கு இடம் தராமல் சிக்கிவிட்டது) என்று 22 வினாடியைக் காட்டி வரும் புகாருக்கும், ஆர்சியு ஸ்டால் (கெர்னலின் ஒத்திசைவு முறைக்கு ஒரு கோர் பதில் தரவில்லை) என்ற புகாருக்கும் இதே வேர்தான். முதலாவதன் எல்லை 20 வினாடி, இரண்டாவதற்கு வழக்கமாக 21. இவற்றில் மோசமான வடிவம் பூட்டு (லாக், ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டுமே பிடிக்கக்கூடியது) வைத்திருப்பவரே வரிசைக்குத் தள்ளப்படுவது. ஒரு கெஸ்ட் கோர் ஸ்பின் பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் ஹோஸ்ட் அதன் இழையை நிறுத்திவைக்கிறது. அதே பூட்டுக்காகச் சுற்றும் மற்ற கோர்களுக்கு ஹோஸ்ட் தாராளமாக நேரம் தருகிறது. அவை முழு வேகத்தில் சுற்றி, பூட்டைத் திறக்க வேண்டியவனுக்கு நேரம் கிடைக்காமல் செய்கின்றன.

இந்த எச்சரிக்கைகளைக் கண்டதும் 'நோவாட்ச்டாக்' கொடுத்து அணைத்துவிடுவது பலரின் பழக்கம். நான் அதற்கு உடன்பட மாட்டேன், கடைசிப் படியாக இருந்தால் சரி. முதலில் எஸ்எம்பி-யை ஹோஸ்ட் கோர் எண்ணிக்கைக்கே இறக்கி ஓட்டுங்கள். அங்கேயும் புகார் வந்தால் உங்கள் கெர்னலில் உண்மையான முடிச்சு இருக்கிறது. அங்கே சுத்தமாக ஓடி 64-இல் மட்டும் வந்தால் நேரப் பற்றாக்குறை என்று நம்பி ஆர்சியு கெடுவைக் கூட்டலாம். இன்னொரு வழி, 'மேக்ஸ்சிபியூஸ்' 1 என்று கொடுத்து ஒரே கோரில் எழுப்பிவிட்டு, ஷெல் வந்ததும் சிஸ் அடைவில் ஒவ்வொரு சிபியூவின் 'ஆன்லைன்' கோப்பிலும் 1 எழுதி, ஒன்று ஒன்றாகச் சேர்ப்பது. எந்த எண்ணில் தடுக்குகிறது என்பது கையோடு தெரிந்துவிடும்.

டைமர் துடிப்பையும் கவனியுங்கள். கெர்னல் வினாடிக்கு 250 துடிப்பு என்று கட்டப்பட்டிருந்தால், 64 கோருக்கு 16,000 குறுக்கீடு. சும்மா இருக்கும் கோருக்குத் துடிப்பை நிறுத்தும் 'நோஹெச்ஸி ஐடில்' வசதி இயங்கினால் தூங்குபவை தூங்கியே இருக்கும். 250-ஐ 100 ஆக்கினாலும் சிமுலேட்டருக்கு நல்ல ஓய்வு.

ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஓட வேண்டும் என்றால், கெஸ்ட் கடிகாரத்தைக் கட்டளை எண்ணிக்கையால் நகர்த்தும் 'ஐகவுண்ட்' ஆப்ஷன். ஷிஃப்ட் 0 என்றால் ஒரு கட்டளைக்குக் கெஸ்ட் கடிகாரத்தில் 1 நானோவினாடி, ஷிஃப்ட் 3 என்றால் 8. கெஸ்டின் காலம் ஹோஸ்டின் காலத்திலிருந்து விடுபடுவதால் பொய்யான லாக்அப் புகார்கள் அடங்கிவிடும். எல்லா கோர்களும் ஒரே இழையில் மாறி மாறி ஓடும் என்பதால் வேகம் குறையும். 'ஸ்லீப்' அணைத்து ஓட்டினால், எல்லாரும் தூங்கும் நேரத்தில் கடிகாரம் அடுத்த டைமருக்கு நேரே தாவிவிடும். எல்லாரும் காத்திருக்கும் நேரமும் இலவசமாகும் இடம் இது.

பூட் ஆகும்போது தொங்கிப்போனால் காரணத்தைக் கண்டுபிடிக்க, கியூஇமுவைச் சிற்றெழுத்து எஸ், பேரெழுத்து எஸ் இரண்டு ஆப்ஷன்களோடும் தொடங்கினால் அது முதல் கட்டளையிலேயே நின்று, ஜிடிபிக்காக 1234 போர்ட்டில் காத்திருக்கும். ஜிடிபி-மல்ட்டிஆர்க்கில் கெர்னலின் விஎம்லினக்ஸ் கோப்பைக் கொடுத்து இணையுங்கள். 'இன்ஃபோ த்ரெட்ஸ்' ஒவ்வொரு ஹார்ட்டையும் ஒரு வரியாகக் காட்டும். 64 வரிகளையும் படிக்க வேண்டாம், வடிவத்தைப் பாருங்கள். 63 வரி ஒரே டபிள்யூஎஃப்ஐ முகவரியில், ஒன்று மட்டும் வேறிடத்தில் என்றால் அந்த ஒன்றைப் பிடியுங்கள். பாதிக்கு மேல் ஸ்பின் பூட்டுச் செயற்கூறில் நின்றால், அங்கே நிற்காத ஹார்ட்களில்தான் பூட்டை வைத்திருப்பவன் இருப்பான். எல்லாமே பூட்டில் நின்றால் முட்டுக்கட்டை. அனைத்து இழைகளின் அழைப்பு அடுக்கையும் ஒரே கட்டளையில் கோப்புக்கு எழுதி வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்க வேண்டியதுதான்.

மற்ற கட்டமைப்புகளில் எண்ணிக்கை முட்டும் இடம் வேறு. ஆர்மில் பழைய ஜிக்வி2 குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி 8 கோரோடு நின்றுவிடும். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் "யாருக்கு" என்று சொல்ல அதில் எட்டே பிட். ஒன்பதாவது கோர் வேண்டுமானால் ஜிக் பதிப்பு 3 என்று கொடுங்கள். எக்ஸ்86-இல் பழைய ஏபிக் (அதன் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி) அடையாள எண் 8 பிட் என்பதால் 255-ஐத் தாண்ட எக்ஸ்2ஏபிக் வேண்டும்.

கியூஇமு வரை வந்தது செயல் சரியா என்று பார்க்க. கேஷ் (கோருக்கு அருகிலுள்ள வேகமான சிறு நினைவகம்) எவ்வளவு தவறியது, கோர்களுக்கிடையே எவ்வளவு நெரிசல் என்றெல்லாம் அறிய ஜெம்5 என்ற நுணுக்கமான சிமுலேட்டர் வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5-உம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸும் இணைந்து பிறந்தது அது. கட்டும்போதே ஒரு தடை: கம்பைலர் 'கில்ட்' என்று செத்தால் நிரலில் பிழை இல்லை, ரேம் தீர்ந்துவிட்டது. ஓர் இணை வேலைக்கு 2 ஜிபி என்று வைத்து எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஜெம்5-இல் நுணுக்கமான மாடலில் நேரே பூட் செய்வதுதான் மேலே போட்ட 89 மணிக் கணக்கு. அப்படிச் செய்ய ஒரு காரணமும் இல்லை. பூட் செய்வதை அட்டாமிக் மாடலில் (நேர நுணுக்கம் பார்க்காமல் வேகமாக ஓடுவது) முடியுங்கள். கெஸ்டும் ஹோஸ்டும் ஒரே வகைச் சிப் என்றால், கட்டளைகளை ஹோஸ்ட் சிப்பிலேயே நேரே ஓட்டும் கேவிஎம் மாடல் இன்னும் வேகம். அதற்குக் கேவிஎம் குழுவில் உங்கள் பயனர் பெயர் இருக்க வேண்டும், 'பெர்ஃப் ஈவன்ட் பாரனாய்டு' என்ற ஹோஸ்ட் கெர்னல் அமைப்பு 1 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் கேவிஎம் கோர் தொடக்கத்திலேயே விழும். ஷெல் வந்ததும் கெஸ்டுக்குள்ளிருந்து எம்5 செக்பாய்ன்ட் (இயந்திரத்தின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் கட்டளை). பிறகு அந்த இடத்திலிருந்து நேரத்தையும் கணக்கிடும் டைமிங் மாடலிலோ ஓ3 மாடலிலோ மீட்டுத் தொடருங்கள். கோர் எண்ணிக்கையும் நினைவக அளவும் செக்பாய்ன்ட் எடுத்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். 64-இல் எடுத்ததை 32-இல் மீட்க முடியாது. 16, 32, 64 என்று மூன்றும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் மூன்று செக்பாய்ன்ட் எடுத்துவிடுங்கள்.

மாலை இடி மழையில் ஒரு நொடி கரண்ட் போய் வந்தாலே நாலு நாள் ஓட்டம் பாழாகும் ஊர் இது. நீண்ட ஓட்டங்களுக்கு இடையிடையே செக்பாய்ன்ட் வைப்பது அதனாலும் அவசியம். இன்னொன்று: ஜெம்5-இன் ஒரு ஓட்டம் பொதுவாக ஹோஸ்டின் ஒரு கோரைத்தான் பயன்படுத்தும். 32 கோர் சர்வர் கிடைத்தால் ஒரே ஓட்டம் வேகமாகாது, பல ஓட்டங்களைப் பக்கம் பக்கமாக விடலாம். அப்போது ஒவ்வொன்றுக்கும் தனி வெளியீட்டு அடைவு கொடுங்கள். இல்லையென்றால் எல்லாம் ஒரே எம்5அவுட்டில் ஒன்றன்மேல் ஒன்று எழுதிக்கொள்ளும். கன்சோல் போர்ட் 3456-இல் தொடங்கும், அது பிடிபட்டிருந்தால் அடுத்த எண்ணுக்கு நகரும். எந்த ஓட்டம் எந்த எண்ணில் என்பது தொடக்கச் செய்தியில் இருக்கும்.

மீட்ட உடனே அளக்காதீர்கள். செக்பாய்ன்ட்டில் நினைவகமும் பதிவேடுகளும் இருக்கும், கேஷ் இருக்காது. 64 வெற்றுக் கேஷ்களோடு தொடங்கும் முதல் பகுதி முழுக்கத் தவறல்களாக இருக்கும். கொஞ்சம் ஓடவிட்டு, எம்5 ரீசெட்ஸ்டாட்ஸ் கொடுத்து, பிறகு அளவிட வேண்டிய பகுதி, முடிவில் டம்ப்ஸ்டாட்ஸ்.

புள்ளிவிவரக் கோப்பைத் திறந்ததும் சுழற்சிக்கு எத்தனை கட்டளை என்ற ஐபிசி எண்ணைத்தான் கண் தேடும். 64 கோர்களில் மிக உயர்ந்த, மிகச் சீரான ஐபிசி காட்டும் கோர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். பூட்டுக்காகச் சுற்றும் கோர் ஒரே மாறியைத் தன் எல்1 கேஷிலிருந்தே படித்து, ஒரே கிளையில் திரும்பிக்கொண்டிருக்கும். தவறலும் இல்லை, தப்புக் கணிப்பும் இல்லை. எண்ணில் அது உழைப்பாளிபோலத் தெரியும். அந்தக் கோர்களின் நிரல் முகவரி எந்தச் செயற்கூறில் நின்றது என்று பார்த்து, பூட்டில் நின்றவற்றின் கட்டளைகளைக் கழித்துவிட்டுச் சராசரி போடுங்கள். பூட் ஆகும்போது 63 கோர்கள் செய்ததையேதான் இங்கேயும் சில கோர்கள் செய்துகொண்டிருக்கின்றன.